புளிமூட்டுப் பெட்டி வரிசை

போன வாரம் கண்ணுக்குச் சொட்டுமருந்து வாங்கப் போய்விட்டு நாகர்கோயில் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். நின்றேன் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. கால்தான் தரையில் இருந்தது, உடம்பு பக்கத்து ஆட்களின் தோளில் கிடந்தது. மண்டைக்காட்டுப் பஸ் உள்ளே வளைந்து நிற்பதற்குள் கூட்டம் அதன் மேல் விழுந்துவிட்டது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஒரு பெண் ஜன்னல் வழியாக வயர்கூடை ஒன்றை ஸீட்டில் போட்டார். அவர் முட்டிமோதிப் படியேறிப் போய்ச் சேர்ந்தபோது, ஒரு இளவட்டம் அந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அது எனக்க எடமாக்கும். கூடை கெடந்துல்லா?"

"கூடைக்கு டிக்கெட் எடுத்தாச்சா மைனி?"

பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெண்ணும் கூடையை வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறவும் இல்லை. இந்த வயதில் இந்த நெரிசலில் விழுந்தால் இடுப்பு என்ன ஆகும், இடுப்பு போனால் மருமகளுக்கு எவ்வளவு சிரமம் என்று நினைத்துக்கொண்டே பஸ் பஸ்ஸாக விட்டேன். என் காலடியில் ஒரு மீன்காரம்மாவின் கடவம் இருந்தது. கடவம் என்றால் தலையில் சுமக்கிற பெரிய ஓலைப்பெட்டி. ஈரத்தில் ஊறிய பனையோலைக்கு ஒரு மணம் உண்டு. மீன் வாடைக்கு அடியில், கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் மழைக்காலத்துச் சுவர் மாதிரி. அந்த மணம் என்னைக் கூட்டத்திலிருந்து தூக்கி ஐம்பது வருஷத்துக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டது. புளிமூட்டில்.

புளிமூடு மண்டைக்காட்டிலிருந்து நாகர்கோயில் வரும் சாலையில் ஒரு நிறுத்தம். ஒரு புளியமரம், செல்லம்பிள்ளை அண்ணாச்சியின் பலசரக்குக் கடை, வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு குளம். பட்டணம் அங்கிருந்து பத்து மைலுக்குக் குறையாது. நாடு மகாராஜாவின் திருவிதாங்கூராக இருந்த முப்பதுகள். நான் அந்தச் சாலையில் ஓடிய ஒரே பஸ்ஸில் கண்டக்டர்.

கண்டக்டர் ஆனதே இடநெருக்கடியால்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு பேர் உட்காரும் பெஞ்சில் ஒன்பது பேர் உட்கார்ந்தோம். நான் ஓரத்தில். பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி உடம்பு காற்றிலும். சார் கேள்வி கேட்டால் எல்லாரும் கொஞ்சம் நிமிர்வார்கள், நான் கீழே விழுவேன். விழுந்த பிறகு எந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? விழுவோமே என்ற பயத்தில் எனக்குப் பின்னக் கணக்கு ஏறவே இல்லை. ஏழாம் வகுப்போடு போதும் என்று அப்பா சொன்னார். படியில் தொங்கிக்கொண்டு செய்கிற வேலைக்கு அந்தப் பழக்கம் உதவியது.

பதற்றத்தை எங்கள் பக்கம் வெப்ராளம் என்பார்கள். டிரைவர் மாசிலாமணி அண்ணன் எனக்கு அதையே பெயராக வைத்துவிட்டார். நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். ஆனால் நான் டயரைத் தொட்டுப் பார்த்தாலே அவருக்கு ஆகாது.

"ஏலே வெப்ராளம், அதுல காத்து இருக்கு. உனக்க நெஞ்சிலதான் இல்ல. வந்து ஏறு."

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பாலம் தாங்குமா, பிரேக் பிடிக்குமா, கூரை மேலிருக்கும் வாழைக்குலை யார் தலையில் விழும் என்று ஓயாமல் கேட்கிற ஆளோடு தினமும் வண்டி ஓட்டுவது லேசல்ல. இதை எழுதும்போதுகூட அடுப்பை அணைத்தேனா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அணைத்திருந்தது.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். புளிமூட்டில் யாரும் பஸ்ஸுக்காகச் சாலையில் நிற்கமாட்டார்கள். பட்டணம் போக வேண்டியவர் தன் வீட்டு ஓலைப்பெட்டி ஒன்றை முந்தின நாள் சாயங்காலமே புளியமரத்தடியில் வரிசையில் வைத்துவிட்டுப் போவார். கடல்காற்றில் பறக்காமல் இருக்க உள்ளே ஒரு கல். காலையில் நாங்கள் வளைவில் வந்ததும் அண்ணன் ரப்பர் பந்து ஹாரனை அமுக்குவார். அந்தச் சத்தத்துக்குத்தான் மனிதர்கள் தென்னை நிற்கும் விளையிலிருந்தும் வீட்டிலிருந்தும் கிளம்பி வருவார்கள். ஒருவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு, ஒருவர் வாயில் கஞ்சியோடு. நாங்கள் அதுவரை காத்து நிற்போம். பெட்டி கிடந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். ஒருவர் பெட்டியை இன்னொருவர் நகர்த்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எந்தப் பெட்டி யாருடையது என்று பின்னலைப் பார்த்தே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது.

அதில் இன்னொரு முறையும் இருந்தது. இடம் கிடைத்து நேற்றுப் போனவர் இன்று போவதானால் வரிசையின் கடைசியில்தான் பெட்டி வைக்க வேண்டும். நேற்று இடம் கிடைக்காதவர் முன்னால். எவ்வளவு நியாயமான ஏற்பாடு பாருங்கள். மாதத்துக்கு ஒரு தடவை கோர்ட்டுக்கோ சந்தைக்கோ போகிற ஊருக்கு அது போதும். தினமும் பட்டணம் போகிற ஆள் என்று ஒருவர் எங்கள் சாலையில் அதுவரை கிடையாது.

எஸ்தர் அக்காதான் முதல் ஆள்.

அக்காவின் புருஷன் கொழும்புக்குப் போய்க் கடுதாசி நின்றுபோயிருந்தது. வீட்டில் கட்டிலோடு கிடக்கும் மாமனார், நடக்கப் பழகும் ஒரு பெண்பிள்ளை. பட்டணத்து ஆசுபத்திரி ஒன்றில் மருத்துவச்சி வேலை பழக அக்காவுக்கு இடம் கிடைத்தது. ஒரு வருஷம் பழகிவிட்டால் சம்பள வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். புளிமூட்டைச் சுற்றி அப்போது பழகிய மருத்துவச்சி யாரும் இல்லை. பிரசவத்தில் சிக்கல் என்றால் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் பட்டணம் கொண்டுபோவார்கள். சில வண்டிகள் பாதி வழியில் திரும்பிவிடும். அதனால் எஸ்தர் அக்கா படிக்கப் போகிறார் என்றதும் ஊரே தன் பெண்பிள்ளை போவதுபோல நடந்துகொண்டது. ஆசுபத்திரியிலேயே தங்க வழி இருந்தது. மாமனாரையும் பிள்ளையையும் விட்டுவிட்டு எப்படித் தங்குவது? காலை மணியடிப்பதற்குள் வாசலில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

முதல் சில மாதம் சரியாகத்தான் போயிற்று. பிறகு ஆட்கள் பெருகினார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. கடற்கரைப் பக்கம் புதிய ஓலைவீடுகள். பங்குபிரித்த விளைகளில் ஒன்றுக்கு நாலு அடுக்களைப் புகை. பள்ளிக்கூடம், கோர்ட்டு, ஆசுபத்திரி, தாலுகாக் கச்சேரி எல்லாம் நாகர்கோயிலில் என்பதால் அத்தனை பேரும் அந்த ஒரே சாலையில் கிழக்கே போக வேண்டியிருந்தது. பஸ் மட்டும் பெருகவில்லை. மண்டைக்காட்டில் புறப்படும்போதே பெஞ்சுகள் நிறைந்துவிடும். மண்டைக்காட்டு அம்மனுக்கு மாசிக் கொடை வந்தால் கேட்கவே வேண்டாம். புளிமூட்டுக்கு வரும்போது காலியாக இருப்பது இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. மரத்தடியில் பெட்டிகளோ குளத்தங்கரை வரை கிடக்கும். கணக்குக்கு மேல் ஆள் ஏற்றினால் போலீஸ் பிடிக்கும். ஒரு நாள் அக்காவுக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டு நான் கூரை மேல் வாழைக்குலைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு போனேன். சந்தை முக்கில் போலீஸ்காரர் குலைகளை எண்ணும்போது என்னையும் எண்ணிவிட்டார். அதற்குப் பிறகு பஸ் முதலாளி அந்த வழியையும் அடைத்தார்.

அந்த நியாயமான முறை இப்போது எஸ்தர் அக்காவின் கழுத்தைப் பிடித்தது. இன்று போனால் நாளை கடைசி. கடைசியிலிருந்து முன்னால் வருவதற்குள் வாரம் முடிந்துவிடும். மற்ற நாட்களில் அக்கா விடியுமுன்பே நடந்தார். நாங்கள் பட்டணத்துக்குக் கிட்டே அவரைத் தாண்டிப் போவோம். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருப்பார். எங்களைப் பார்த்ததும் செருப்பை ஆட்டுவார்.

"மணியடிச்சாச்சான்னு பாத்துச் சொல்லு மக்கா!"

அங்கிருந்து எப்படிப் பார்த்துச் சொல்வது? ஆனால் நான் ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டுதான் போவேன்.

ஆசுபத்திரிப் பெரிய நர்சம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான் ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன். வராந்தாவில் பாய்க்குப் பாய் இடமில்லாமல் ஆட்கள் படுத்திருந்தார்கள். மருந்துக்கு நிற்கிறவர்களின் வரிசை கேட்டைத் தாண்டி வந்திருந்தது. சின்ன ஊருக்குக் கட்டிய கட்டடத்தில் ஒரு நாடே வந்து இருமியது. அங்கே நேரத்துக்கு வராத கை, இல்லாத கைதான். அக்காவின் இடத்துக்குப் பட்டணத்திலேயே வேறொரு பெண் காத்திருந்தாள். நர்சம்மா இரண்டு தடவை பொறுத்தார். மூன்றாவது தடவை அக்கா, "ரெண்டாவது பஸ்ஸு வரப்போவுது அம்மா, அது வந்தா நான் பிந்தமாட்டேன்" என்று சொல்லித் தவணை வாங்கினார்.

அதில் பொய் இல்லை. புளிமூட்டுக்காரர்கள் சர்க்காருக்கு எழுதி இரண்டாவது பஸ் கேட்டிருந்தார்கள். எவ்வளவு கூட்டம் என்று நேரில் பார்க்க அதிகாரி ஒருவர் திருவனந்தபுரத்திலிருந்து வரப்போவதாகத் தகவல் வந்தது. வந்த நேரம்தான் பொல்லாத நேரம், கும்பப்பூ என்கிற மாசி மாதத்து நெல்லறுப்பு. ஊரில் கையும் காலும் உள்ள எல்லாரும் வயலில். அதிகாரி காலையில் வருவாரா சாயங்காலம் வருவாரா என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க யார் போய்ச் சாலையில் நிற்பது?

மரத்தடியில் கூடிப் பேசினார்கள். செல்லம்பிள்ளை அண்ணாச்சிதான் வழி சொன்னார்.

"நாம நிப்பானேன்? பெட்டியைப் போடுவோம். வேற எதுக்கு வே பெட்டி?"

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அந்த நேரம் பார்த்து வண்டி அங்கே நின்றதால் நானும் வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, நமக்குப் பெட்டின்னா ஆளு. அந்த ஏமானுக்கு அது தெரியுமா?"

"வாறவரு படிச்சவரு. உனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாதா?"

"அவனுக்குப் பாலம் நிக்குமான்னு ஒரு பேடி, இப்ப பெட்டிக்கும் பேடியாக்கும்" என்றார் மாசிலாமணி அண்ணன். பேடி என்றால் எங்கள் பக்கம் பயம். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவனுக்கு இதுதான் சங்கடம். உண்மையாகவே பயப்பட வேண்டியது வரும்போது அவன் குரல் பழைய குரலாகவே இருக்கும்.

அன்றைக்கு வந்த பெட்டிகளைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஊரிலுள்ள பெட்டி அத்தனையும் வந்தது. கடவம், நார்ப்பெட்டி, கருப்பட்டிப் பெட்டி, ஓட்டை விழுந்து கோழி அடைக்கிற பெட்டிகூட. புளியமரத்திலிருந்து குளத்தைச் சுற்றி ஓடை முக்கு வரை. களத்தில் பெண்கள் நெல் அள்ளப் பெட்டியில்லாமல் முந்தானையில் அள்ளினார்கள். ஒரு அம்மை, "பஸ்ஸு வந்தா நெல்லைப் பஸ்ஸிலயா அளப்பிய?" என்று கேட்டாலும் தன் கடவத்தையும் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்.

நாங்கள் மத்தியானத்து நடை திரும்பி வரும்போது அதிகாரியின் கார் மரத்தடியில் நின்றது. அவர் இறங்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்திருந்தார். வெயில் அப்படி. செல்லம்பிள்ளை அண்ணாச்சி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றார். அதிகாரி பெட்டிகளை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். தினமும் இவ்வளவு உண்டா என்று கேட்டார். "உண்டு ஏமானே. அறுப்பு கழிஞ்சா இதுக்கு மேலயும் உண்டு" என்றார் அண்ணாச்சி. வியர்வை அவர் மூக்கிலிருந்து சொட்டியது. அதற்கு மேல் விளக்க அவருக்கும் தோன்றவில்லை. விளக்க என்ன இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் ஊரே வரிசையில் இருக்கிறதே. நான் படியிலிருந்து குதித்து ஓடினேன். அதிகாரியின் டவாலிச் சேவகர் என்னைப் பார்த்து, பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லிச் சத்தம் போட்டார். ஓரம் கட்டினோம். கார் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அனுமதி கிடைத்துவிட்டது என்று சித்திரையில் சேதி வந்தது. வண்டி வருகிற நாளும் தெரிந்தது. எஸ்தர் அக்கா நர்சம்மாவிடம் அந்த நாளைச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு மரத்தடியில் குருத்தோலைத் தோரணம் கட்டினார்கள். அண்ணாச்சி செவ்வந்தி மாலை வாங்கி வைத்திருந்தார். அக்கா தன் பெட்டியை வைக்கவில்லை, தானே வந்து நின்றார். வெள்ளைச்சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை.

வந்தது லாரி.

மூன்று பக்கமும் பலகை அடைத்த, புதுப் பெயிண்ட் மணக்கிற சரக்கு லாரி. டிரைவர் இறங்கித் தோரணத்தைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான், மனிதர்களைப் பார்த்தான்.

"சரக்கு எங்க? கூடை கூடையா ஏகப்பட்ட சரக்கு கெட்டிக்கெடக்குன்னு சொல்லில்லா விட்டாவ?"

அண்ணாச்சி கையிலிருந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கடைசியில் லாரியின் முகத்திலேயே மாட்டினார். எங்கிருந்தோ ஒரு குரல், "ஏறுங்கடே, நம்மளும் சரக்குதான்" என்றது. டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான். ஆள் ஏற்றக் கூடாது என்று உத்தரவு, ஏற்றினால் அவன் பிழைப்பு போய்விடும். கொஞ்சம் தேங்காயைப் போட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு சில வாரம் வந்தான். பிறகு வரவில்லை. மனிதர்கள் ஏற ஒரு பஸ் வேண்டும் என்று மறுபடி எழுதிக் கேட்டார்கள். அந்தச் சாலைக்கு ஏற்கெனவே வண்டி கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது.

லாரி வந்த அன்று சாயங்காலம் அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு மரத்தடியில் வந்து நின்றார். "இனி எஸ்தருக்க பெட்டி எப்பவும் முதல்ல கெடக்கட்டு" என்றார். "அவளுக்கு மட்டும் என்ன கொம்பு முளைச்சிருக்கா?" என்று ஒருவர் கேட்டார். "உனக்க மகளுக்கு மாசம் எத்தன வே?" என்று அண்ணாச்சி திருப்பிக் கேட்டார். மகள் பிள்ளைத்தாச்சியாக இருந்த அந்த ஆள் குனிந்து தன் பெட்டியை ஒரு இடம் பின்னால் தள்ளி வைத்தார். இவ்வளவு சின்ன விஷயம். பெட்டியை ஒரு இடம் மாற்றி வைப்பது. அதை ஊர் ஆறு மாதம் முன்னால் நினைத்திருக்கலாம். நியாயத்தை மாற்றலாம் என்று யாருக்குத் தோன்றும்?

மறுநாள் அக்கா முதல் ஆளாக ஏறினார். மணிக்கு முன்பே ஆசுபத்திரி வாசலில் இறங்கினார். மத்தியானத்து நடையில் எங்கள் பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். மடித்த ஏப்ரன், ஒரு தகரப்பெட்டி. முந்தின நாள் மணியடித்தபோது அவர் லாரியின் முன்னால் நின்றிருக்கிறார். அந்த மணியோடு தவணை முடிந்து, பட்டணத்துப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மத்தியான பஸ்ஸில் எப்போதும் ஆள் குறைவு. அன்றைக்கு அக்காவைத் தவிர இரண்டு பேரோ என்னவோ. அக்கா தகரப்பெட்டியைப் பக்கத்தில் வைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"பாத்தியா மக்கா. இப்ப ஒரு பெஞ்சு முழுக்க எனக்காக்கும்."

நான் டிக்கெட்டுக் காசு கேட்கவில்லை. அக்கா கொடுத்தார். புளிமூட்டில் நிறுத்திவிட்டு மாசிலாமணி அண்ணனே இறங்கி வந்து அந்தத் தகரப்பெட்டியை இறக்கி வைத்தார்.

அந்த வருஷம் வைகாசி பாதியில் இறங்கிய எடவப்பாதி மழையில், கொம்பு முளைச்சிருக்கா என்று கேட்டவரின் மகளுக்கு வலி கண்டது. ஊர் எஸ்தர் அக்காவைக் கூப்பிட ஓடியது. "பாதி படிச்சவ கை வைக்கப்பிடாது. வண்டியைக் கெட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு, அக்கா மழையில் அந்த மாட்டுவண்டியில் கூடவே ஏறிப் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் போல நீங்களும் நினைத்துக்கொண்டு கிடப்பீர்கள். மற்ற வண்டிகளுக்கு எல்லாம் அப்படி அமையவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுக்கடைப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. கேட்டுப்பார்த்தேன்.

இன்றைக்கு அந்தச் சாலையில் நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது. புளியமரத்தைச் சாலை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். குளத்தில் பாதி கடைகளாகிவிட்டது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. இத்தனை பேர் எங்கே போய் நிற்பார்கள்? பஸ்கள் பெருகிய பிறகும் எல்லா பஸ்ஸும் நிறைந்துதான் வருகிறது என்பது எனக்குப் புரியாத கணக்கு. பின்னக் கணக்கு படித்திருந்தால் புரிந்திருக்குமோ என்னவோ.

அக்கா படிப்பை விட்ட பிறகும் காலையில் நாங்கள் வளைவில் திரும்பும்போது பெட்டி வரிசை இரண்டாவது இடத்திலிருந்துதான் தொடங்கியது. புளியமரத்து வேரடியில், முதல் பெட்டிக்கான மண், காலியாகக் கிடந்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அங்கே வைக்க யாருக்கும் கை வரவில்லை, அவ்வளவுதான். அக்கா புதுக்கடைக்குப் போன பிறகும் அப்படித்தான் கிடந்தது. ஒரு நாள் காலையில் அந்த இடத்தில் ஒரு புதுப்பெட்டி இருந்தது. இராஜாக்கமங்கலம் பக்கமிருந்து குடிவந்த ஒரு குடும்பம். இடம் காலியாக இருப்பதைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், அவர்களுக்கும் பட்டணத்தில் ஒரு அவசரம் இருந்திருக்கும். அண்ணாச்சி கடை வாசலில் நின்று பார்த்தார். அண்ணன் ஹாரனை அமுக்கினார். அந்தப் பெட்டிக்காரர் ஓடி வந்து முதல் ஆளாக ஏறிக்கொண்டார்.